யாரும் விழாத வார்டு

பெங்களூருக்கு மதிப்பெண் போடப் போனேன். மனிதர்களுக்கு அல்ல, அளவுகோல்களுக்கு.

ஒரு மருத்துவமனை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சில எண்களைச் சேகரிப்பார்கள். புறநோயாளி எவ்வளவு நேரம் காத்திருந்தார், எத்தனை பேருக்கு ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடித்தது, எத்தனை பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்கள், இப்படி. தர அளவுகோல்கள் என்று பெயர். அந்த அளவுகோல், தான் அளப்பதாகச் சொல்வதை உண்மையிலேயே அளக்கிறதா, அளந்ததால் யாருக்காவது நன்மை உண்டா என்று பார்க்க இன்னொரு கூட்டம் உட்கார வேண்டும். தராசை நிறுத்துப் பார்க்கும் வேலை. திருச்சியில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் முடி நரைத்து ஓய்வு பெற்றவன் என்பதால், பெங்களூரில் ஓர் அறக்கட்டளை என்னையும் அழைத்திருந்தது.

ஹோட்டலில் அறை தருகிறோம் என்றார்கள். வேண்டாம், அல்சூரில் தங்கை இருக்கிறாள் என்று பதில் போட்டேன். சிக்கனமான மனிதர் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் தங்கை கணவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அறக்கட்டளை செலவில் போய் அவரையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் ஏற்பாடு. ஒரு பயணத்தில் இரண்டு கடமை முடிந்தால் எனக்கு ஒரு நிறைவு உண்டு. முறையாக வாழ்கிறவர்களுக்குக் கிடைக்கும் சின்னச் சந்தோஷம் அது.

முதல் நாள் காலை சரோஜா இட்லி வைத்தாள். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போய் எத்தனையோ வருஷமாகியும் சாம்பாரில் வெல்லம் போட மறுக்கும் ஒரே பெங்களூர்வாசி என் தங்கைதான். அவள் கணவர் தயாளன் குடும்பம் அங்கே மூன்று தலைமுறை. அப்பா காலத்திலிருந்தே மாநில அரசு உத்தியோகம். தயாளன் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விடிந்தால் அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பார். மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு நடப்பார். அப்படிப்பட்டவர் சிவாஜிநகர் மார்க்கெட்டில் மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி, தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

"அவரு இன்னும் கட்டில விட்டே எறங்கலணா," என்றாள் சரோஜா, இட்லியைத் தட்டில் தள்ளியபடி. "ஆபரேஷன் பண்ண டாக்டரு, தெனம் நடக்க வைங்க, படுத்தே இருந்தா அப்புறம் எழுந்துக்கவே மாட்டாருங்கறாரு. வார்டுல பாத்தா, காலைக் கீழ வைக்கக் கூடாதுங்கறாங்க. யாரு பேச்சக் கேக்கறது?"

"ரெண்டும் சரிதான்," என்றேன். "நடக்கணும். ஆனா முறையா நடக்கணும்."

"இன்னா முறை?"

"பிசியோ வரணும், நர்ஸ் கூட இருக்கணும், வாக்கர் வேணும். அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு."

"வாக்கரு வாங்கி வெச்சாச்சு. மூலையில நிக்குது. அதான் நல்லா நிக்குது," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சட்னி அருமையாக இருந்தது.

கூட்டத்துக்குப் போக ஆட்டோவைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்தாள். திருச்சியில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசினால் பத்து வார்த்தையில் முடியும். இங்கே போனே தொகையைச் சொல்லிவிடுகிறது. அப்புறம் டிரைவர் வந்து அதற்கு மேல் கேட்கிறார். வந்தவர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்தடியில் ஒதுங்கி நின்றோம். பிறகு ஒருவழிப் பாதை என்று ஊரையே ஒரு பிரதட்சணம் செய்துவிட்டு, ஹோட்டலின் பின்பக்கம், சமையலறைக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்.

"முன் வாசல்ல விடச் சொன்னேனே?"

"முன்னால போணும்னா இன்னொரு சுத்து சுத்திக்கினு வரணும் சார். உள்ள பூந்து போய்டு, சமையல்காரன் வழி காட்டுவான். அஞ்சு ஸ்டார் குடுத்துடு சார், மழை பேஞ்சதுக்கு நான் இன்னா பண்றது?"

நனைந்த சட்டையோடு ஐந்து நட்சத்திரம் அமுக்கிவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, தர மேம்பாட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

பெரும்பாலும் டாக்டர்கள். தலைவர் வெள்ளைத் தாடி வைத்த ஓய்வு பெற்ற பேராசிரியர்; குரலை உயர்த்தாமலே எல்லோரையும் உட்கார வைக்கத் தெரிந்தவர். ஏற்பாடு இதுதான்: ஒவ்வோர் அளவுகோலுக்கும் இரண்டு மதிப்பெண். சரியானதா என்பதற்கு ஒன்று, பயனுள்ளதா என்பதற்கு ஒன்று. இரண்டுக்கும் உச்சம் ஒன்பது. முதல் நாள் விவாதித்து ஒரு தடவை போட வேண்டும். மறுநாள் யோசித்துவிட்டு மீண்டும் போட வேண்டும்.

காலை முழுவதும் நான் நன்றாகப் பிரகாசித்தேன். காத்திருப்பு நேரம் என்ற அளவுகோல் வந்தபோது, "டோக்கன் வாங்கியதிலிருந்து கணக்கிடுகிறீர்கள். எங்கள் ஊரில் டோக்கன் வாங்குவதற்கே பாதி நாள் வரிசையில் நிற்பார்கள். உங்கள் எண்ணில் அவர்கள் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை," என்றேன். சிரித்தார்கள். இறப்பு விகிதம் வந்தபோது, பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவரை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் சாவு குறையும் என்றேன். தலைவர் குறித்துக்கொண்டார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் என் விசிட்டிங் கார்டைக் கேட்டார். என்னிடம் இருந்தது.

அடுத்தது வலி. நோயாளிக்கு எவ்வளவு வலி என்று நர்ஸ் வேளாவேளைக்குக் கேட்டுப் பதிவு செய்கிறாரா என்பது அளவுகோல். தார்வாடிலிருந்து வந்திருந்த டாக்டர் ஜயஸ்ரீ கையைத் தூக்கினார். ஐம்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, பெரிய கைக்கடிகாரம். என் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, என்று ஆரம்பித்தார். பத்துக்கு எத்தனை வலி பாட்டி என்று ஒரு பெண் வந்து கேட்பாளாம். அம்மா எட்டு என்பாராம். அவள் எட்டு என்று குறித்துக்கொண்டு போய்விடுவாளாம். மறுபடி வந்து கேட்பாளாம். மறுபடி எட்டு. "பதிவு முழுமையாக இருந்தது," என்றார் டாக்டர் ஜயஸ்ரீ. "அம்மா வலியோடுதான்..."

அங்கேதான் நான் குறுக்கிட்டேன்.

"மேடம், வருத்தம்தான். ஆனால் இது ஒரு சம்பவம், ஆதாரம் இல்லை. ஆளுக்கொரு அம்மா கதை சொல்ல ஆரம்பித்தால் இங்கே அளவுகோல் மிஞ்சாது. சொந்த அனுபவங்களை விவாதத்தில் சேர்ப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது."

தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு, நியாயமான யோசனைதான் என்றார். விதியாயிற்று. டாக்டர் ஜயஸ்ரீ தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

மதியம் பிஸிபேளே பாத். மேலே காராபூந்தி தூவியிருந்தார்கள். அதையும் நம் ஊர் சாம்பார் சாதத்தையும் ஒன்று என்று சொல்பவர்கள் இரண்டையும் சரியாகச் சாப்பிட்டதில்லை. இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பின் வந்தது விழுதல். வார்டில் எத்தனை நோயாளிகள் கட்டிலிலிருந்தோ நடக்கும்போதோ விழுந்தார்கள் என்ற எண்ணிக்கை. எனக்குப் பிடித்த அளவுகோல். ஓய்வுக்குப் பிறகு பல ஆஸ்பத்திரிகளுக்குப் போய் இதில் பயிற்சி கொடுத்திருக்கிறேன். "வந்தவற்றிலேயே சுத்தமானது இதுதான்," என்று எழுந்து நின்று சொன்னேன். "ஒருவர் விழுந்தார், அல்லது விழவில்லை. அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை." இரண்டுக்கும் ஒன்பது ஒன்பது போட்டேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சமைத்துவிட்டு வருகிறேன், அதுவரை பக்கத்தில் இரு என்று என்னை உட்கார வைத்துவிட்டு சரோஜா கிளம்பினாள்.

நல்ல வார்டு. தரை பளபளத்தது. தயாளன் கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி ஏற்றிப் பூட்டியிருந்தது. தலைமாட்டில் ஓர் ஆள் வழுக்கி விழும் மஞ்சள் படம். விழும் அபாயம் அதிகம் என்று அர்த்தம். கையிலும் அதே மஞ்சளில் ஒரு பட்டை. மூலையில் வாக்கர், கைப்பிடியின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. சுவரில் ஒரு பலகை: இந்த மாதம் இந்த வார்டில் விழுந்தவர்கள், பூஜ்யம். பக்கத்தில் சிரிக்கும் முகம். எல்லாம் நான் பயிற்சியில் சொல்வது போலவே இருந்தது. உள்ளுக்குள் தலையாட்டிக்கொண்டேன்.

"வாங்க மச்சான், மீட்டிங் ஆய்தா?" என்றார் தயாளன். முகம் ஒடுங்கியிருந்தது. சவரம் மட்டும் செய்திருந்தார்.

கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். திருச்சி வெயிலைப் பற்றிச் சொன்னேன். பேச்சின் நடுவில் அவர் முகம் மாறியது.

"மச்சான், அந்தக் கம்பியைக் கொஞ்சம் எறக்குங்க."

"எதுக்கு?"

குரலைத் தாழ்த்தினார். ஆபரேஷன் ஆனதிலிருந்து வெளிக்குப் போகவே இல்லையாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது வருகிறது. "அதோ இருக்கு பாத்ரூம். நாலு எட்டு. உங்க தோளப் புடிச்சிக்கறேன்."

"மாப்பிள்ளை, தனியா எறங்கக் கூடாது. மஞ்சப் பட்டை போட்டிருக்காங்க பாருங்க. பெல் அடிக்கறேன்."

அடித்தேன். யாரும் வரவில்லை. வார்டு முழுவதற்கும் இரண்டு நர்ஸ்கள்தான் இருந்தார்கள்; இருவரும் அந்தக் கோடியில் யாருக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அடித்தேன்.

"டாக்டரே நடக்கச் சொல்லிக்கிறாரு மச்சான். ஸ்வல்ப கை குடுங்க, போதும்."

"முறையா நடக்கச் சொல்லியிருக்காரு. ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க. பெட்பேன் கேக்கலாமா?"

"அதுல ஒக்கார முடியலியே, இடுப்பு பொளந்துடுது..."

நெற்றியில் வியர்வை. அவரே கையை நீட்டிக் கம்பியின் பூட்டைத் தேடினார். நான் என்ன செய்தேன் என்றால், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்பாகத்தான் பிடித்தேன். "விழுந்தா மறுபடி முதல்லேருந்து ஆபரேஷன். உங்க நல்லதுக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டேன். என்னைவிட இளையவர், ஏரியைச் சுற்றியவர். கையில் பலம் இருந்தது. ஆனால் படுத்திருப்பவன் நின்றுகொண்டிருப்பவனோடு மல்லுக்கட்ட முடியாது. விடுங்க மச்சான், விடுங்க என்றார். பிறகு சொல்லவில்லை. கையைத் தளரவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வாசனை வந்த பிறகுதான் விளங்கியது.

நர்ஸ் ஓடி வந்தாள். ஹாசன் பக்கத்துப் பெண்ணாம், ஷோபா என்று பெயர். திரையை இழுத்துவிட்டு, முகம் சுளிக்காமல் துடைத்து, துணி மாற்றி, பெரியவர்களுக்கான டயப்பரைக் கட்டிவிட்டாள். தயாளன் கண்ணைத் திறக்கவே இல்லை. வெளியே வந்து என்னிடம் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்: "நீங்க பண்ணது கரெக்ட், அங்கிள். எறக்கி விட்ருந்தா எனக்குக் கஷ்டம். பேஷண்ட் கூட இருக்கற எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா நல்லாயிருக்கும்."

என் வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில், இன்றுவரை நான் யாரிடமும் சொல்லாதது அது ஒன்றுதான்.

சரோஜா தூக்குப் பாத்திரத்தில் ரசம் சாதத்தோடு வந்தாள். திரை, வாளி, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் கணவர். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீ இருந்தியேணா," என்றாள்.

நடைமுறையை விளக்க வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை உப்புமா வந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றும் வரவில்லை. சரோஜா வீட்டில் அதற்கு அர்த்தம் உண்டு. நான் கிளம்பும்போது மட்டும் பேசினாள்.

"சாயந்தரம் அஞ்சுக்கு பிசியோ வர்றாரு. ஆள் கம்மியாம், வீட்டு மனுசங்க ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னாத்தான் நடக்க வுடுவாங்களாம். பையன் துபாய்ல கெடக்கறான். நான் ஒருத்தி. நீ இன்னொருத்தரு. வருவியா?"

"இதென்னம்மா கேள்வி," என்றேன்.

கூட்டத்தில் அன்று நான் பிரகாசிக்கவில்லை. காப்பி குடிக்கும்போதெல்லாம் தயாளனின் அந்தக் கை என் கைக்குள் இருந்தது. விழுதல் எப்போது வரும் என்று காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தியிருந்தேன். இந்த எண் பொய் சொல்லவில்லை. அந்த வார்டில் உண்மையிலேயே யாரும் விழவில்லை. எழுந்தால்தானே விழுவதற்கு? நடக்க வைத்த வார்டுக்கும் கட்டிப் போட்ட வார்டுக்கும் இந்த எண் வித்தியாசம் காட்டாது. பார்க்கப் போனால் கட்டிப் போட்ட வார்டுக்குத்தான் சிரிக்கும் முகம் கிடைக்கும். விழாதவர்களோடு நடந்தவர்களையும் எண்ணுங்கள், இல்லாவிட்டால் இதை எடுத்துவிடுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

வந்தது. நேற்றைய மதிப்பெண்கள் திரையில் விழுந்தன. ஏறக்குறைய எல்லோரும் உச்சத்தில். தலைவர் என்னைப் பார்த்து, "சாருக்குப் பிடித்த அளவுகோல். மாற்றம் எதுவும் இருக்காது, இல்லையா?" என்றார்.

எழுந்தேன். "ஒன்று சொல்ல வேண்டும். நேற்று சாயங்காலம், என் தங்கையின் கணவர்..."

சுற்றிலும் மெல்லிய சிரிப்பு. தலைவரும் சிரித்தார், கெட்ட எண்ணமில்லாமல். "சார், சொந்த அனுபவம் கூடாதென்று நேற்று நீங்கள்தான் விதி போட்டீர்கள்."

அப்போது எதிர் வரிசையிலிருந்து டாக்டர் ஜயஸ்ரீ, "பரவாயில்லை, சொல்லட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை," என்றார். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்கத் தயாராக இருந்தார். தலைவரும், எல்லோரும் சம்மதித்தால் சரி என்று கையைக் காட்டினார்.

வழி திறந்துதான் இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. இதை எழுதுவதே அதைச் சொல்வதற்காகத்தான்.

சொல்லியிருந்தால் கையைப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். நேற்று ஓர் அம்மாவின் வலியைக் கதை என்றவன் இன்று ஒரு டயப்பரைப் பற்றிப் பேச வேண்டும். விசிட்டிங் கார்டு வாங்கிய இளம் டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "வேண்டாம். விதி விதிதான். எனக்கென்று தனியாக வளைக்க வேண்டியதில்லை," என்றேன். ஒன்றிரண்டு பேர் மேஜையைத் தட்டினார்கள். கொள்கை உள்ள மனிதர் என்று பக்கத்தில் யாரோ ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது.

மதிப்பெண் போடும்போது, சரியானதா என்பதற்கு ஒன்பதை மாற்றவில்லை. பயனுள்ளதா என்ற இடத்தில் பேனா நின்றது. ஒன்று போடலாம் என்று இருந்தேன். ஒன்று போட்டால் காரணம் கேட்பார்கள். ஐந்து போட்டேன். ஐந்து போட்டவனை யாரும் கேட்பதில்லை.

அளவுகோல் தேறிவிட்டது. இனி பல வார்டுகளில் அந்தப் பலகை தொங்கும்.

தேநீர் வேளையில் டாக்டர் ஜயஸ்ரீ பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சொல்ல வந்தீர்கள்?"

"ஒன்றுமில்லை மேடம். சொந்த விஷயம்."

"என் அம்மாவும் சொந்த விஷயம்தான்," என்றார். தன் தட்டிலிருந்த ஒப்பட்டு என்கிற போளியில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்குக் கூட்டம் முடிந்தது. கிளம்பியிருக்கலாம். கௌரவிக்கப் போகிறார்கள், இருங்கள் என்றார்கள். கர்நாடகத்தில் கௌரவம் என்றால் நம் ஊர் போலப் பொன்னாடையோடு விட மாட்டார்கள். சந்தன மாலை, சால்வை, பழக்கூடை, தலைக்கு மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை. வயதில் மூத்தவன் என்று என் முறை கடைசியில் வந்தது. நடுவே எழுந்து போவது மரியாதை இல்லையே என்று உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையில் பேட்டா வைத்துப் போட்டோ எடுத்தபோது நான் சிரித்திருக்கிறேன். பிறகு அனுப்பி வைத்தார்கள், பார்த்தேன்.

பழக்கூடையோடு ஆட்டோவில் ஏறினால், ஊரே அசையாமல் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் போனில் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். முன்னால் நின்ற பஸ்ஸின் நடத்துநர் கீழே இறங்கி, சோம்பல் முறித்து, மறுபடி ஏறிக்கொண்டார். திருச்சியாக இருந்தால் இறங்கி நடந்திருப்பேன். இங்கே எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை. சரோஜா மூன்று முறை கூப்பிட்டாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். அது ஒன்றுதான் அப்போது நான் செய்யாத காரியம்.

வார்டுக்குள் போனபோது பிசியோதெரபி ஆள் வந்து, காத்திருந்து, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார். வாக்கர் கட்டில் பக்கத்தில் நின்றது. கைப்பிடியின் உறையைக் கிழித்திருந்தார்கள். சரோஜா கையில் அந்தப் பிளாஸ்டிக் துண்டு இருந்தது; அதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். என்னையும் தலைப்பாகைப் பெட்டியையும் பார்த்தாள்.

தயாளன்தான் பேசினார். "அட, மைசூர் பேட்டா! போட்டுக் காட்டுங்க மச்சான்."

"வேணாம் மாப்பிள்ளை."

"போடுங்க மச்சான். சும்னே படுத்து படுத்து போர் அடிக்குது."

போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். நேற்றுக்குப் பிறகு என்னோடு பேசுகிறாரே என்ற நிம்மதியில், அந்தத் தலைப்பாகையோடு கட்டிலோரம் வெகுநேரம் நின்றேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, கன்னடத்தில் யாரிடமோ, மாப்பிள்ளை வந்துட்டாரு, பொண்ணு எங்கே என்று கேட்டாள். சரோஜா அதை எனக்கு மொழிபெயர்த்தாள். சிரிக்காமல் மொழிபெயர்த்தாள்.

மூன்றாம் நாள் மதியம் எனக்கு ரயில். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். இரவெல்லாம் தீர்மானம் செய்து வைத்திருந்தேன்: இன்று நானே கம்பியை இறக்குவேன். சரோஜா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாலு எட்டு. நர்ஸ் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எந்த விதியின் எந்தப் பிரிவில், உறவினர் பொறுப்பேற்றால் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

வார்டில் ஏதோ கலகலப்பு. நர்ஸ்கள் கூடியிருந்தார்கள். நிர்வாகத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். மாதம் முழுக்க யாரும் விழாத வார்டு என்று பரிசு கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெரிய கேக். மேலே கிரீமில் ஒரு பூஜ்யம். ஷோபா அதை வெட்டிக் காகிதத் தட்டுகளில் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் முகத்தில் அன்றுதான் தூக்கம் இல்லாத களைப்பைத் தாண்டி ஒரு மலர்ச்சியைப் பார்த்தேன். "அங்கிள், நீங்களும் எடுத்துக்கணும். உங்களாலயும்தான்," என்று எனக்கும் ஒரு துண்டு தந்தாள்.

தின்றேன். பைனாப்பிள் கேக். நல்ல கேக்.

அவள் அடுத்த அறைக்குப் போனதும் சரோஜாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு வாக்கரை நகர்த்தி வைத்தாள். ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி, மறு கையால் பூட்டை அமுக்கிக் கம்பியை இறக்கினேன். அது இவ்வளவு சுலபமாக இறங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு விரல் போதும்.

"வாங்க மாப்பிள்ளை. நான் புடிச்சிக்கறேன். பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

தயாளன் என்னைப் பார்த்தார். பிறகு கால்களைப் பார்த்தார். போர்வைக்குள் அவை அசையவில்லை.

"வேணாம் மச்சான்."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு இல்ல? நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னாரு. விழுந்துட்டேன்னா?" என்றார். "அந்தப் பொண்ணுக்கு மெமோ குடுத்துடுவாங்களாம். இப்பத்தான் பாவம் பிரைஸ் வாங்கிக்கிறா. இது கட்டியிருக்கே, இதுவே சவுரியமா பழகிடுச்சு. நீங்க சொன்னதுதான் கரெக்டு."

"நான் சொன்னது தப்புங்க," என்றேன். எவ்வளவோ சத்தமாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

சரோஜா, "ஏங்க, எழுந்துக்கங்க. ஏரிக்குப் போக வேணாவா?" என்றாள். கெஞ்சிக்கொண்டே அவர் தோளைத் தொட்டாள். அவர் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

பிறகு ஒரு பக்கம் சாய்ந்து, கையை நீட்டி, கம்பியை மேலே இழுத்தார். வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டார். பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை இழுத்தார். சரியாக விழுந்ததா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பயிற்சியில் நான் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான், ஏற்றியதும் ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

"ரயிலுக்கு நேரம் ஆய்துல்ல மச்சான்? கெளம்புங்க," என்றார்.